பழைய போனில் அப்டேட் போடலாமா?

"தம்பி, இது தினமும் வந்துக்கிட்டே இருக்கு, அமுக்கலாமா வேண்டாமா?" என்று சித்தியோ பெரியம்மாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிக் கேட்காத மாதமே கிடையாது. கேட்பவர்கள் எல்லோரிடமும் இருப்பது பழைய போன். புதுப் போன் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்பதில்லை, வந்ததும் போட்டுவிடுகிறார்கள். பழைய போன்காரர்களுக்குத்தான் பயம். போன தடவை போட்டதும் போன் மந்தமாகியிருக்கும், அல்லது மந்தமாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது போன் ரிப்பேர் கடையில் "அப்டேட் மட்டும் போட்டுராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். புதுசு வாங்கவைப்பதற்காகக் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே பழைய போனைக் கெடுக்கிறான் என்ற பேச்சு இன்றைக்கு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

அதை வெறும் வதந்தி என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. சில அப்டேட்கள் பழைய போனை மெதுவாக்கியிருக்கின்றன, அதை ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டிருக்கிறது. சில அப்டேட்கள் பழைய போனை முன்பைவிட வேகமாக்கியும் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது வேகம் குறைவதைப் பற்றி இல்லை. போனுக்கு அவசியமான பாதுகாப்பு, யாரும் கேட்காத புது அலங்காரம், பேட்டரியைப் பற்றிக் கம்பெனி எடுத்த முடிவு என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே பொத்தானை வைத்து, அமுக்கிய பிறகு திரும்பிவர வழியே இல்லாமல் செய்கிறார்களே, அதைப் பற்றித்தான்.

இந்த விஷயத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டும் கதை ஐபோனுடையது. அதைப் பாதி மட்டும் சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2016 கடைசியில் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலர் ஒரே புகாரைச் சொன்னார்கள்: பேட்டரி 30 சதவீதம், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் பொட்டென்று அணைந்துவிடுகிறது. சீனாவின் நுகர்வோர் சங்கம் அந்த நவம்பரில் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. அதே மாதம் ஆப்பிள், குறிப்பிட்ட காலத்தில் தயாரான 6எஸ் போன்களுக்கு மட்டும் இலவசமாகப் பேட்டரி மாற்றித்தர ஆரம்பித்தது. பிரச்சினை அந்தப் போன்களோடு நிற்கவில்லை. 2017 ஜனவரியில் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 10.2.1 அப்டேட் வந்தது, போன்கள் திடீரென அணைவது பெருமளவு குறைந்தது. 6எஸ்ஸில் 80 சதவீதத்துக்கு மேல், 6-இல் 70 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று பிப்ரவரியில் ஆப்பிளே சொன்னது. எப்படிக் குறைத்தார்கள் என்பது மட்டும் வெளியே வரவில்லை.

லித்தியம் அயன் பேட்டரி வயதாக ஆக இரண்டு விதத்தில் தளர்கிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது, சார்ஜ் குறைவாக நிற்கும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: அதன் உள்தடை கூடுகிறது, அதனால் ஒரே நொடியில் நிறைய மின்சாரம் கேட்டால் அதனால் கொடுக்க முடிவதில்லை. கேமராவைத் திறக்கும்போதும், கனமான ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் போனின் மூளையான பிராசஸர் சட்டென்று உச்சத்துக்குப் போகும், அந்த நொடியில் பேட்டரியின் வோல்டேஜ் சரியும். போர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு லைட் மங்குமே, கிட்டத்தட்ட அதேதான். வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் பாகங்களைக் காப்பாற்றுவதற்காகப் போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. திரையில் 40 சதவீதம் என்று இருந்தாலும் சரி. குளிரில் உள்தடை இன்னும் கூடும் என்பதால் குளிர்தேசங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

10.2.1 செய்தது என்னவென்றால், பேட்டரி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தளர்ந்திருந்தால் பிராசஸரை உச்சத்துக்குப் போகவிடாமல் பிடித்துவைத்தது. போன் அணையாது, ஆனால் மெதுவாக ஓடும். பொறியியல் முடிவாகப் பார்த்தால் இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நடுராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது அணைந்துபோகிற போனைவிட, இரண்டு நொடி தாமதமாகத் திறக்கிற போன் எவ்வளவோ மேல். ஆனால் போன் வைத்திருந்தவருக்கு இதைச் சொல்லவில்லை. "உங்கள் பேட்டரி தளர்ந்துவிட்டது, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறோம், பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும்" என்று மூன்று வரி திரையில் காட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். காட்டாததால் கிட்டத்தட்ட ஒரு வருடம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தங்கள் போனுக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரி மாற்ற அன்றைக்கு 79 டாலர். புது ஐபோன் 8-இன் ஆரம்ப விலை 699 டாலர். எத்தனை பேர் முதல் வழி ஒன்று இருப்பதே தெரியாமல் இரண்டாவது வழிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

வெளியே வந்ததும் கம்பெனியின் வாயால் இல்லை. 2017 டிசம்பரில் ரெடிட் தளத்தில் ஒருவர், மந்தமாகிப்போன தன் 6எஸ்ஸின் பேட்டரியை மாற்றி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓட்டி, இரண்டு எண்களையும் போட்டார். முன்பு 1466, பின்பு 2526. பேட்டரியைத் தவிர போனில் வேறு எதையும் அவர் மாற்றவில்லை. அதைப் பார்த்த கீக்பெஞ்ச் நிறுவனத்தின் ஜான் பூல், தன்னிடம் குவிந்திருந்த சோதனை முடிவுகளை ஐஓஎஸ் பதிப்பு வாரியாகப் பிரித்து வரைபடமாகப் போட்டார். 10.2 வரைக்கும் 6எஸ் போன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே மேடாகக் குவிந்து நின்றன. 10.2.1-க்குப் பிறகு அந்த மேட்டுக்குக் கீழே சின்னச் சின்ன மேடுகள் முளைத்தன, 11.2-இல் அவை இன்னும் பெரிதாயின. போன்கள் தாறுமாறாக மெதுவாகியிருந்தால் வரைபடம் கலைந்து பரவியிருக்கும். இப்படிப் படிப்படியாக நிற்கிறதென்றால் யாரோ படி வைத்துக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதற்கு இரண்டே மாதம் முன்னால், அக்டோபரில், ஃபியூச்சர்மார்க் என்ற இன்னொரு சோதனை நிறுவனம் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஐபோன் 5எஸ் முதல் 7 வரை தன்னிடம் இருந்த ஏராளமான முடிவுகளைப் பார்த்து, அப்டேட்களால் குறிப்பிடும்படி வேகம் குறையவில்லை என்று அறிவித்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது மாதாமாதச் சராசரியை. நல்ல பேட்டரி உள்ள போன்கள் நிறைய இருக்கும்போது, தளர்ந்த பேட்டரியோடு தவிக்கும் கொஞ்சம் போன்கள் சராசரிக்குள் கரைந்துபோகும். பூல் சராசரி எடுக்கவில்லை, எல்லாப் புள்ளிகளையும் பரப்பிப் பார்த்தார், அதனால் அகப்பட்டது. "ஆய்வு செய்து பார்த்தாச்சு, எல்லாம் பிரமை" என்று யாராவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த அக்டோபரும் டிசம்பரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒருவருடைய போன் உண்மையிலேயே பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மற்றவர்கள் போனெல்லாம் நன்றாக ஓடுகிறது என்ற சராசரியை வைத்து அவர் என்ன செய்வார்?

டிசம்பர் 20 அன்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது, 28 அன்று மன்னிப்புக் கடிதம் வந்தது. எந்தப் பொருளின் ஆயுளையும் வேண்டுமென்றே குறைத்ததில்லை, குறைக்கவும் மாட்டோம் என்றார்கள். 2018 முழுக்கப் பேட்டரி மாற்றும் விலை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறங்கியது, இந்தியாவில் சுமார் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் அளவுக்கு. மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கமும், வேகக் குறைப்பை வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் வசதியும் சேர்ந்தன. இவ்வளவையும் முதல் நாளே செய்திருக்கலாம். பிரான்ஸின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2020 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது, வேகத்தைக் குறைத்ததற்காக இல்லை, அதைச் சொல்லாமல் விட்டதற்காக. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தரச் சம்மதித்துச் சமரசம் செய்துகொண்டார்கள், தவறை ஒப்புக்கொள்ளாமலே. அந்தப் பணம் ஆளுக்குச் சுமார் 92 டாலராகக் கையில் வந்தது 2024 ஜனவரியில்தான்.

அபராதங்களைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது இன்னொன்று. 2019 ஜனவரி 2 அன்று, அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டு வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று சொல்லி, சீனப் பொருளாதாரம் உட்பட அதற்கான காரணங்களை அடுக்கியவர், குறைந்த விலையில் பலர் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் அதில் ஒன்றாகச் சேர்த்திருந்தார். பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரிந்ததும் மக்கள் புதுப் போன் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள் என்றுதானே அதற்குப் பொருள்? கம்பெனிக்கு உள்நோக்கம் இருந்ததா இல்லையா என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம். ஆனால் தகவல் தெரிந்த வாடிக்கையாளர் வேறு முடிவு எடுப்பார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சரி, இது ஒரு பக்கம்.

இதே ஆப்பிள் 2018 செப்டம்பரில் ஐஓஎஸ் 12-ஐ வெளியிட்டபோது, பழைய போன்களை வேகமாக்குவதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கும் அது கிடைத்தது, போட்டவர்கள் போன் உயிர் பெற்றதுபோல இருக்கிறது என்றார்கள். ஐஓஎஸ் 11-இல் அதே போன்கள் திணறிக்கொண்டிருந்தன. அப்படியென்றால் முந்தைய பதிப்பில் இருந்த மந்தத்தில் ஒரு பகுதி வன்பொருளின் வயதால் வந்ததில்லை, எழுதியவர்கள் பழைய போனை நினைத்துப் பார்க்காததால் வந்தது.

ஆண்ட்ராய்டு பக்கம் 2012-இல் வந்த நெக்ஸஸ் 7 டேப்லெட்டின் கதையை எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய புதிதில் வேகமாக இருந்தது, சில மாதங்களில் மந்தமானது. அதன் ஃபிளாஷ் ஸ்டோரேஜில், அழித்த இடங்களை முறையாகக் காலி செய்யும் வேலை நடக்காததுதான் காரணம். ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதை அழித்த பிறகுதான் புதியதை எழுத முடியும், அதை முன்கூட்டியே செய்யாவிட்டால் எழுதும் ஒவ்வொரு தடவையும் தாமதம். 2013 ஜூலையில் ஆண்ட்ராய்டு 4.3 வந்து, சும்மா இருக்கும் நேரத்தில் அந்தச் சுத்தம் செய்யும் வேலையைத் தானாகவே பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும், டேப்லெட் பழையபடி ஓடியது. அடுத்த வருடக் கடைசியில் ஆண்ட்ராய்டு 5 வந்தது, அதே டேப்லெட் பல பேர் கையில் தொட்டால் நகராத பொருளாகிவிட்டது. ஒரு கருவி, இரண்டு அப்டேட், ஒன்று அதைத் தூக்கிவிட்டது, ஒன்று சாய்த்தது. "அப்டேட் நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காமல் போவது இதனால்தான். எந்த அப்டேட், எந்தப் போனுக்கு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அந்தத் திரையில் யாருக்கும் மனமில்லை, "பிழைத் திருத்தங்களும் மேம்பாடுகளும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அப்டேட்டின் மேல் விழும் பழியில் ஒரு பகுதி நியாயமில்லாததும்கூட. பெரிய அப்டேட் போட்ட முதல் ஒன்றிரண்டு நாட்கள் போன் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும். ஆண்ட்ராய்டு எல்லா ஆப்களையும் புதிய பதிப்புக்கு ஏற்பத் திரும்ப ஒழுங்குபடுத்தும், படங்களையெல்லாம் மறுபடி அட்டவணைப்படுத்தும், அது முடிந்ததும் அடங்கிவிடும். இன்னொன்று, சிஸ்டம் அப்டேட்டே போடாத போனிலும் ஆப்கள் மாதாமாதம் கனமாகிக்கொண்டே போகின்றன. நான் பார்த்துக்கொடுக்கும் போன்களில் முக்கால்வாசியில் ஸ்டோரேஜ் நிரம்பி வழிகிறது. குட்மார்னிங் படங்கள், குடும்பக் குழுவில் வந்த கல்யாண வீடியோக்கள், ஒரே வீடியோ நான்கு குழுக்களிலிருந்து நான்கு தடவை. இடம் இல்லாத போன் எந்த அப்டேட்டும் இல்லாமலே ஹேங் ஆகும். 2014-இல் ஹார்வர்டு மாணவி லாரா ட்ரூக்கோ, புது ஐபோன் வெளியாகும்போதெல்லாம் "ஐபோன் ஸ்லோ" என்ற கூகுள் தேடல் எகிறுவதைக் காட்டினார். அதை வைத்தே சதி என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் புது ஐஓஎஸ்ஸும் அதே வாரத்தில்தான் பழைய போன்களுக்கு வருகிறது. அந்த நேரத்தில் புதுப் போன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனைக் கையில் எடுப்பவருக்கு அது கொஞ்சம் மந்தமாகத் தெரியவும் வாய்ப்பிருக்கிறது.

ஆனால் இந்த நியாயங்களையெல்லாம் சொன்ன பிறகும் ஒரு விஷயம் அப்படியே நிற்கிறது. போட்ட அப்டேட் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது?

ஐபோனில் ஒரு பதிப்பை நிறுவ ஆப்பிளின் சர்வர் அனுமதியாக ஒரு டிஜிட்டல் கையொப்பம் போட வேண்டும். புதுப் பதிப்பு வந்து கொஞ்ச நாளில் பழையதற்குக் கையொப்பம் போடுவதை நிறுத்திவிடுவார்கள், அதற்கப்புறம் யார் நினைத்தாலும் திரும்ப முடியாது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு உண்டு. பூட்டு இல்லாத போன்களிலும் அது கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு, போனில் இருப்பதை எல்லாம் அழித்துச் செய்யும் வேலை, சாதாரண மனிதருக்கானதில்லை. இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோவும் சாம்சங்குக்கு 5 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தபோது இதையும் குறிப்பிட்டது. 2014-இல் வந்த சாம்சங் நோட் 4 போனை வைத்திருந்தவர்களை, நோட் 7-க்காக உருவான புதிய ஆண்ட்ராய்டை நிறுவச் சொல்லித் தொடர்ந்து தூண்டினார்கள், பழைய நிலைக்குத் திரும்ப வழி தரவில்லை என்பது சாம்சங் மீது ஆணையத்தின் குற்றச்சாட்டு.

2025 ஜனவரியில் கூகுள் பிக்ஸல் 4ஏ போன்களுக்கு ஓர் அப்டேட் தானாகவே வந்து இறங்கியது. சில போன்களின் பேட்டரியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருந்திருக்கிறது, அதனால் சார்ஜ் ஏறும் உச்ச வோல்டேஜை மென்பொருள் மூலமாகவே குறைத்துவிட்டார்கள். அந்தப் போன்களில் பாதி நாள்கூடச் சார்ஜ் நிற்கவில்லை. இலவசப் பேட்டரி, அல்லது 50 டாலர், அல்லது புது பிக்ஸல் வாங்கினால் 100 டாலர் தள்ளுபடி என்று ஈடு கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பேட்டரி நிலையான செயல்பாட்டுக்காக என்று மழுப்பலாகத்தான் சொன்னார்கள். சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் என்று வெளிப்படையாகப் பேசப்பட்டது, ஆஸ்திரேலியாவில் அதை நுகர்வோர் ஆணையம் பாதுகாப்புத் திரும்பப்பெறுதலாகப் பட்டியலிட்டபோதுதான். பழைய மென்பொருளைத் தளத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். அதே 2025 ஜூலையில் பிக்ஸல் 6ஏ-க்கும் 400 சார்ஜ் சுற்றுகளை (முழு பேட்டரி அளவுக்குச் சார்ஜ் செலவாவது ஒரு சுற்று) தாண்டினால் கொள்ளளவைக் குறைக்கும் கட்டாய அப்டேட் வந்தது. ஐபோன் விவகாரம் நடந்து ஏழெட்டு வருடம் ஆகியும், அபாயம் என்றால் அபாயம் என்று முதல் வரியிலேயே சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை. வீட்டில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடும் பொருள் இது. இதில் மழுப்புவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

நம் நாட்டில் இதன் முகம் பச்சைக் கோடு. அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்ப்ளேயில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு வந்துவிட்டது என்று இந்தியாவில் சாம்சங், ஒன்பிளஸ் போன்கள் வைத்திருந்த பலர் புகார் சொன்னார்கள். கோடு டிஸ்ப்ளேயின் பழுது, மென்பொருளால் மட்டும் கோடு விழாது. ஆனாலும் உத்தரவாதக் காலம் முடிந்த போன்களுக்கே சாம்சங் சில மாடல்களில் ஒரு தடவை இலவசமாக டிஸ்ப்ளே மாற்றித்தந்தது, ஒன்பிளஸ் இந்திய வாடிக்கையாளர்களுக்கு ஆயுள்கால உத்தரவாதமே அறிவித்தது. குரல் கொடுத்தவர்களால் கிடைத்தது அது. சர்வீஸ் சென்டரில் "போர்டு போயிருக்கும், புதுசு பாருங்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரிந்திருக்காது.

இதைச் சொல்லும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது நம் வீடுகளில் போன் கைமாறும் விதம். மகன் புதுசு வாங்கினால் அவன் பழையது அப்பாவுக்கு, அப்பாவுடையது அம்மாவுக்கு, அதற்கும் பழையது ஊரில் இருக்கும் பாட்டிக்கு. ஆக வீட்டிலேயே மிகவும் தளர்ந்த பேட்டரி, மிகவும் குறைந்த இடம் உள்ள போன், அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்கத் தெரியாதவர் கையில்தான் போய்ச் சேர்கிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் அப்டேட் திரை, "இப்போது" என்றும் "பிறகு" என்றும் இரண்டே வார்த்தை வைத்துக் கேட்கிறது. "வேண்டாம்" என்று ஒன்று கிடையவே கிடையாது. ராத்திரி தானாகவே போட்டுக்கொள்ளும் போன்களில் அந்தக் கேள்வியும் இல்லை.

அப்படியானால் போடாமலே இருந்துவிடலாமா? அதுவும் முடியாது. அதைத்தான் ரிப்பேர் கடை அண்ணன்கள் சொல்ல மறக்கிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து வாட்ஸப் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே ஓடுவதில்லை. 5எஸ்ஸும் 6-உம் ஐஓஎஸ் 12-ஓடு நின்றுவிட்டவை, போன் நன்றாக இருந்தும் அவற்றில் வாட்ஸப் இல்லை. பேங்க் ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. எல்லாவற்றையும்விடப் பெரியது பாதுகாப்பு. ஓய்வூதியமும் சேமிப்பும் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில், தெரிந்த ஓட்டைகள் அடைக்கப்படாத போனை அம்மா கையில் கொடுத்துவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்த மூட்டையைப் பிரிக்கவே முடியாது என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். பிரிக்க முடியும், பிரித்தும் காட்டியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 12.5.7 என்று ஒன்றை வெளியிட்டது. பத்து வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த 5எஸ்ஸுக்கு, புது அலங்காரம் எதுவும் இல்லாமல், ஒரு பாதுகாப்பு ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்தது. 2021-இல் ஐஓஎஸ் 15 வந்தபோது, 14-இலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தேர்வைக் கொடுத்தார்கள், ஆனால் சில மாதங்களில் அது தற்காலிக ஏற்பாடுதான் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து சிஸ்டத்தின் சில பாகங்களைப் பிளே ஸ்டோர் வழியாகவே தனித்தனியாகப் புதுப்பிக்கிறது கூகுள். தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது. எது பாதுகாப்பு, எது புது வசதி, எது என் பேட்டரியின் மேல் கை வைக்கும் மாற்றம் என்று மூன்று தனிப் பொத்தான் வைப்பதற்கு மனசு மட்டும்தான் வேண்டும். மூன்றாவதைப் போடுவதற்கு முன் என் போனில் என்ன குறையும் என்று தமிழில் எழுதிக் காட்ட வேண்டும், புது வசதியைப் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள்ளாவது பழையதற்குத் திரும்ப வழி வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்திருக்கும் விதிகளின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும், பேட்டரி 800 சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அந்த வருடக் கடைசியில் இணையதளமும் திறந்தது. உதிரிபாகம், சர்வீஸ் விவரம் என்று அங்கே பேசப்படுவதோடு அப்டேட்டையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. டிஸ்ப்ளே உடைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, கடைக்குப் போகிறோம். மென்பொருள் வேகத்தைக் குறைத்தால் யாரிடம் போய் என்னவென்று காட்டுவது?

அதுவரைக்கும் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாதாமாதம் வரும் சின்னப் பாதுகாப்பு அப்டேட்டை யோசிக்காமல் போடுங்கள். பெயரிலேயே எண் மாறும் பெரிய அப்டேட் என்றால் சில வாரம் பொறுத்து, உங்கள் மாடலையே வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். போடும்முன் படங்களைப் பத்திரப்படுத்திவிட்டு, கொஞ்சம் இடத்தையும் காலி செய்யுங்கள். போட்டதும் இரண்டு நாள் பொறுங்கள். அப்புறமும் மந்தமாகவே இருந்தால், புதுப் போன் விலையை விசாரிப்பதற்கு முன்னால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐபோன் என்றால் அமைப்புகளில் பேட்டரி பக்கத்தில் அதன் நிலை சதவீதமாகவே இருக்கிறது, 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடலாம். மற்ற போன்களுக்குக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். பெரும்பாலும் புதுப் போன் விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். பேட்டரி மாற்றிய பிறகு பழைய பேட்டரியை மட்டும் வீட்டுக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள், கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.